கம்பிவலையும் வெள்ளை இறகும்: திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையில் நீர்ப்பறவைகளைப் படமெடுத்தல்

2022ஆம் ஆண்டில் ராம்சர் தளமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட சுசீந்திரம் - தேரூர் ஈரநிலத்தின் கரையில் நின்று, 250 மில்லிமீட்டர் லென்ஸால் நீர்க்காகத்தைப் படமெடுக்க முயன்றவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய அளவுச் சென்சார் கொண்ட கேனான் காமிராவில் அந்த லென்ஸைப் பொருத்தினால், 60 மீட்டர் தொலைவில் அது காணும் பரப்பு ஏறத்தாழ 5.3 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் உயரமும் உடையது. அரை மீட்டர் நீளமுள்ள சின்ன நீர்க்காகம் அந்த அகலத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே நிரப்பும். எஞ்சிய இடம் முழுவதும் தாமரையிலையும் வெயிலில் நெளியும் காற்றும்தான். அதே லென்ஸுடன் 6 மீட்டர் தொலைவில் நின்றால், பரப்பு 53 சென்டிமீட்டருக்கு 36 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள வக்கா (இராக்கொக்கு) அதற்குள் முழுதாக அடங்காது. பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லாதவர் பறவையை நெருங்கியாக வேண்டும், காட்டுப்பறவையோ அதற்கு எளிதில் இடம் கொடுக்காது. ஆகவே ஐப்பசி மாதத்தில் ஒரு முழு நாளைத் திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையின் பறவைகளுக்கென்று ஒதுக்கினேன். தொலைவுச் சிக்கல் அங்கே தீர்ந்துவிடுகிறது. ஆனால் லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவே என்ன இருக்கிறது, பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்னும் இரண்டு சிக்கல்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தப் பதிவு பெரும்பாலும் அவ்விரண்டையும் பற்றியது.

குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் எட்டும் தூரம்தான். காலை ரயிலைப் பிடித்தாலும், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகப் பேருந்தில் போனாலும், தம்பானூரில் இறங்கி மியூசியம் வாசலுக்கு நகரப் பேருந்தில் போய்விடலாம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நுழைவுச்சீட்டோடு காமிராவுக்குத் தனிச்சீட்டும் எடுக்க வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1857இல் தொடங்கப்பட்ட இந்த மிருகசாலை நாட்டின் பழைய மிருகக்காட்சிசாலைகளுள் ஒன்று. அந்தப் பழைமையால் படமெடுப்பவருக்கு ஒரு நேரடிப் பயன் உண்டு: மரங்கள் நன்கு முதிர்ந்து கவிந்திருப்பதால், புதிய பூங்காக்களில் பகல் பத்து மணிக்கே தொடங்கிவிடும் சுள்ளென்ற மொட்டை வெயில் இங்கே பல இடங்களில் தரைக்கு வந்து சேர்வதில்லை. அக்காள் மகன் உடன் வந்தான். அவனுக்கு நான் வைத்திருந்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துத்தான் மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். திருவனந்தபுரம் வடக்கே எட்டரைப் பாகை அட்சரேகையில் இருப்பதால், சித்திரைப் பிறப்பையொட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் பறவையின் முதுகு வெளுத்துப்போய், அலகும் கண்ணும் இருளில் மூழ்கிவிடும். வாசல் திறக்கும் நேரத்தில், அதாவது காலை ஒன்பது மணியளவில், ஐப்பசியிலேகூடச் சூரியன் ஏறத்தாழ 40 பாகை உயரத்துக்கு வந்துவிடுகிறது. வனப்புகைப்படக்காரர்கள் விரும்பும் பொன்வெயில் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் துலாமாத மழைக்காலத்தில் காலை தெளிவாகவும், பிற்பகல் மேகமூட்டமாகவும் இருப்பது இப்பகுதியின் வழக்கம். காலை வெயிலில் கூண்டுகளின் நிழற்பக்கங்களையும், மேகம் வந்து ஒளி மென்மையான பிறகு குளத்திலுள்ள வெள்ளைப் பறவைகளையும் எடுப்பது என்று திட்டமிட்டேன். இடிமழைக்கு முந்திய அந்த இரண்டு மணி நேரத்து ஒளி, எந்தப் பிரதிபலிப்புத் தட்டாலும் கிடைக்காத ஒளி என்பது என் எண்ணம்.

காமிரா பழைய கேனான் 200டி. லென்ஸ் அதனோடு பலரும் வாங்கும் 55-250 மில்லிமீட்டர் எஸ்டிஎம் ஜூம். இவற்றோடு நான் செய்துகொண்டு போனது ஒரு ரப்பர் உறை. பஞ்சர் கடையில் தூக்கியெறியும் ஸ்கூட்டர் டியூபில், ஓட்டையோ ஒட்டோ இல்லாத இடத்தில், ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுக்காக வெட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். டியூபின் உட்புறம் முழுவதும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அது லென்ஸ் கண்ணாடியில் இறங்கினால் துடைத்து மாளாது என்பதால், சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்து, மறுபடியும் ஈரத்துணியால் துடைத்தேன். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். பின்பு லென்ஸின் பிளாஸ்டிக் ஹூட் (வெயில்மறைப்பு) மேல் அதை இழுத்து மாட்டினால், நான்கு சென்டிமீட்டர் ஹூட்டைக் கவ்விக்கொள்ளும், மூன்று சென்டிமீட்டர் மென்மையான உதடாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். 55 மில்லிமீட்டரில் படத்தின் மூலைகள் இருளும். 250ஐ நோக்கி நீண்ட குவியத்துக்கு வந்ததும் அந்த இருட்டு விலகிவிடுகிறது, பறவைக்கு வேண்டியதும் அந்த நீண்ட பக்கம்தான். கண்ணாடி போட்ட அறைகளில் இந்த உதட்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால், நம் சட்டையும் எதிர்ச்சுவர் விளக்கும் படத்தில் விழாது. நேராக ஒட்டி வைக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியின் தடிமன் படத்தின் கூர்மையைக் கெடுக்கும்.

காமிராவைத் தாங்க, கிழிந்த ஜீன்ஸ் காலில் ஒரு பை தைத்துக்கொண்டேன். அதில் சிறுபயறு நிரப்புவது வழக்கம், எடையும் சரியாக இருக்கும். ஆனால் உள்ளே எந்த உயிருக்கும் இரை கொடுக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கும் இடத்துக்குள் பயறு மூட்டையோடு போவது காவலாளிக்கு வீண் கேள்வியை எழுப்பும். ஆகவே தெர்மோகோல் மணிகளை நிரப்பினேன். எடை குறைவு, கைப்பிடிச் சுவர்மேல் வைத்தால் வேண்டிய அளவுக்கு அமுங்கியும் கொடுக்கிறது.

இனிக் கம்பிவலை. கம்பியோடு லென்ஸை ஒட்டி வைத்தால் கம்பி மறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பெரும்பாலான கூண்டுகளின் முன்னால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தடுப்புக் கம்பி இருக்கும், அதைத் தாண்டிக் கையை நீட்டுவது பறவைக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. எனவே தள்ளி நின்று கம்பியை மறைக்கும் வழியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 250 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 5.6இல் திறந்தால், ஒளி புகும் துளையின் விட்டம் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர். பறவையின் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளி, கூம்பாக விரிந்து வந்து இந்தத் துளையை நிரப்புகிறது. அந்தக் கூம்பு வலையைக் கடக்கும் இடத்தில் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. துளையின் விட்டத்தை, வலையிலிருந்து பறவைவரை உள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸிலிருந்து பறவைவரை உள்ள தூரத்தால் வகுத்தால் விடை வரும். வலை 1.2 மீட்டரிலும் பறவை 6 மீட்டரிலும் இருந்தால் கூம்பின் அகலம் 36 மில்லிமீட்டர். வலைக்கண் 25 மில்லிமீட்டர், கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால், பறவையின் எந்தப் புள்ளியிலிருந்து வரும் ஒளியும் ஏறக்குறைய ஒரே அளவு கம்பியைத் தாண்டித்தான் வருகிறது. ஒளியில் சுமார் 15 விழுக்காடு குறையும், கோடு தெரியாது. அதே பறவை வலையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், கூம்பு 9 மில்லிமீட்டராகக் குறுகிவிடும். அப்போது சில புள்ளிகளின் ஒளி கம்பியே இல்லாமலும், சில புள்ளிகளின் ஒளி கம்பியால் பெரிதும் மறிக்கப்பட்டும் வருவதால், படத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் விழும்.

இந்தக் கணக்கு கையில் இருந்ததால் அன்று நிறைய நேரம் மிச்சமானது. வலையோடு ஒட்டி நிற்கும் பறவையை, அது எவ்வளவு அழகாக நின்றாலும், விட்டுவிட்டேன். கூண்டின் பின்பாதியில் இருக்கும் கிளையையோ தண்ணீர்த் தொட்டியையோ தேர்ந்து, அங்கே பறவை வரும்வரை காத்திருந்தேன். துளையைச் சுருக்குவது இங்கே பகை: எஃப் 11க்குப் போனால் 45 மில்லிமீட்டர் 23 ஆகிவிடும், கம்பி திரும்பவும் தலைகாட்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பறவை தெளிவாக வந்தாலும், பின்னணியில் இலைகளுக்கு நடுவே வானம் தெரிந்தால், அந்த மங்கலான ஒளிவட்டங்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் வலையின் கட்டம் அச்சடித்தாற்போல் விழுகிறது. அதை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக நீக்க முடியவில்லை. ஆகவே இருண்ட, ஒரே சீரான பின்சுவர் உள்ள கோணமே வலைக் கூண்டுக்கு உகந்தது. அழகான பசுமைப் பின்னணியைத் திறந்த குளத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வலைமேல் வெயில் விழுந்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் வீணாகும். கம்பி மறைந்தாலும், அதில் பட்டுச் சிதறிய ஒளி படம் முழுவதும் பால்போன்ற திரையை விரிக்கும். கறுப்பு வண்ணம் பூசிய வலையில் இது குறைவு. துத்தநாகம் பூசிய புதிய வலையில் மிக அதிகம். அக்காள் மகனுக்கு வைத்திருந்த வேலை இதுதான்: தடுப்புக்கு இப்புறம் நின்று, கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்து, லென்ஸுக்கு நேரே உள்ள வலைப்பகுதியில் மட்டும் நிழல் விழச்செய்வது. காலை வெயில் சரிந்து வருவதால் குடையின் நிழல் ஒரு மீட்டர் தள்ளி வலைமேல் போய் விழுகிறது. உச்சிவேளையில் இது நடக்காது, நிழல் காலடியிலேயே விழும்.

“மாமா, இன்னும் சரிக்கணுமா? கை கழயுது.”

“கொஞ்சம் வலத்தே சரி மக்கா, அந்தக் கம்பி மட்டும் மின்னுது.”

அந்த ஒரு கம்பி நிழலுக்குள் வந்ததும், காமிராத் திரையில் சங்குவளை நாரையின் முகத்து ஆரஞ்சு நிறம் அடர்ந்து எழுந்தது. அமைப்பு எதையும் நான் மாற்றவில்லை. ஃபிளாஷ் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியதும் இதுவே: ஃபிளாஷின் ஒளி முதலில் வலைமேல்தான் விழும், படத்தில் வெள்ளைச் சல்லடை மட்டுமே மிஞ்சும். பறவை மிரளும் என்பது தனிக் காரணம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மிருகக்காட்சிசாலை உயிர்களைச் சீண்டுவதையும் தொந்தரவு செய்வதையும் குற்றமாக்கியிருக்கிறது.

தானியங்கி ஃபோகஸ் எப்போதும் அருகிலுள்ள, கோடு தெளிந்த பொருளைப் பிடிக்கும். வலையைவிட அதற்குப் பிடித்த பொருள் வேறில்லை. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் இயக்கத்தில் வைத்து, முதலில் கைமுறைக்கு மாறி ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி வலைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டு, திரும்பத் தானியங்கிக்கு வந்து பொத்தானைப் பாதி அழுத்தினால், காமிரா பறவையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. அப்போதும் பிடிக்காவிட்டால், முழுக்கக் கைக்கு மாறி, திரையைப் பெரிதாக்கிக் கண்ணின்மேல் சரிசெய்வதே விரைவான வழி.

பகல் பதினொன்றரைக்குமேல் கூண்டுகளை விட்டுக் குளத்துக்கு வந்தோம். இங்கே நடுவில் வலை இல்லை. எனவே முழுக் கவனமும் பின்னணிக்கு. நின்றுகொண்டு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. கண்மட்டம் ஒன்றரை மீட்டர் என்றும், பறவை 8 மீட்டர் தள்ளி 30 சென்டிமீட்டர் உயரத்தில் தலையை வைத்திருக்கிறது என்றும் கொண்டால், அதன் தலையை உரசிச் செல்லும் நம் பார்வைக்கோடு இரண்டே மீட்டர் பின்னால் தண்ணீரைத் தொட்டுவிடுகிறது. பாசி, மிதக்கும் சருகு, பிளாஸ்டிக் உறை எல்லாம் அந்த இரண்டு மீட்டருக்குள் ஓரளவு தெளிவாகவே பதியும். காமிராவை அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கினால், அதே கோடு பன்னிரண்டு மீட்டர் பின்னால்தான் தண்ணீரைத் தொடும். குளத்தின் மறுகரையே பின்னணியாகி, பச்சை மங்கலாகக் கரைந்துவிடும். 200டியின் திரை மடங்கித் திரும்பக்கூடியது. ஆகவே வேலிக்கு இப்பால், மூட்டளவுச் சுவரின் இடைவெளியில் தெர்மோகோல் பையை வைத்து, மேலிருந்து திரையைப் பார்த்தபடி எடுத்தேன். வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தால் இந்த வேலை நடந்திருக்காது.

தாழ்ந்த கோணத்தில் சீழ்க்கைச் சிறகிகள் நமக்கு நேர்மட்டத்தில் வந்துவிடுகின்றன. இந்தத் தாராக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு வரிசை பிடிபடும். தலையைத் தண்ணீரில் முக்கி முதுகின்மேல் வாரியிறைத்துக் குளிக்கும். குளியல் முடிந்ததும் கழுத்தை நீட்டி, வாலை இரண்டொருமுறை உதறும். உடனே உடம்பை நிமிர்த்தி எழுந்து சிறகடிக்கும். அதன் பிறகே வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து இறகுகளைக் கோதத் தொடங்கும். வாலை உதறும் நொடியில் விரல் பொத்தான்மேல் இருக்க வேண்டும். சிறகடிப்பைத் தெளிவாகப் பிடிக்க 1/1600 நொடி வேண்டியிருந்தது. 1/500இல் முகம் தெளிவாகவும் சிறகு நுனி மங்கலாகவும் வந்த படங்கள்கூட எனக்குப் பிடித்தே இருந்தன, ஆனால் தெறிக்கும் துளிகளுக்கு அந்த வேகம் போதாது. அதைவிட முக்கியமானது, குவியத்தைக் குறைத்துக்கொள்வது. நீந்தும் தாராவை 250இல் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தால், அது சிறகு விரிக்கும்போது இரண்டு நுனியும் படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும். குளிக்கத் தொடங்கியதுமே 150க்கு வந்துவிட வேண்டும். பறவைகளுக்கு மூன்றாவதாக ஓர் இமை உண்டு, தண்ணீர் தெறிக்கும்போது அது கண்ணை மூடி நீலம்பாரித்த வெண்மையாகக் காட்டும். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால்தான் அவற்றுள் ஒன்றிலாவது கண் தெளிந்திருக்கும்.

வெள்ளைப் பறவைகளின் ஒளி அளவுதான் அன்று அதிகம் உழைத்த இடம். காமிரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கரும்பச்சைத் தண்ணீர் சட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பியிருக்கையில், அது ஒளியைக் கூட்டிவிடும்; கொக்கின் கழுத்து இறகெல்லாம் ஒரே சுண்ணாம்பாகிவிடும். தானியங்கி முறையில் இருப்பவர் ஒரு நிறுத்தம் (ஒளியின் அளவில் பாதி) குறைத்து வைத்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் அதே கொக்கு நான்கடி நடந்து, வெயில் பட்ட மணற்கரையின் முன்னே வந்து நின்றால் கணக்கு மாறிவிடும். பறவைமேல் விழும் ஒளி மாறவில்லை, பின்னணிதான் மாறியது. ஆகவே முழுக்கக் கைமுறையில் வைத்தேன். தெளிந்த வெயிலுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200, எஃப் 5.6, 1/1600 என்பது பொதுவான அளவு; வெள்ளை இறகின் நரம்பு தெரிய வேண்டுமென்றால் 1/2500 அல்லது 1/3200. திரையில் மிகை ஒளி எச்சரிக்கையை இயக்கிவிட்டு, கொக்கின் தோளில் கறுப்பாக மின்னும் இடம் மறையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். வெயிலிலேயே நீர்க்காகத்துக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும்: முக்கால் நிறுத்தம் கூட்டினால்தான் அதன் முதுகில் செதில்செதிலாக ஓடும் வெண்கலச் சாயல் தெரிகிறது. வெள்ளைக் கொக்கும் நீர்க்காகமும் ஒரே கிளையில் அருகருகே உட்கார்ந்தால், கொக்குக்கு ஒளியை அமைத்துக்கொண்டு, நீர்க்காகத்தைக் கணினியில் தூக்கிக்கொள்வதே நலம். எரிந்துபோன வெள்ளையை மீட்க வழி கிடையாது.

பச்சைத் தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. பாசி படர்ந்த குளத்தின்மேல் நிற்கும் வெள்ளைப் பறவையின் அடிவயிறு முழுவதும் பச்சை பாரித்திருக்கும், மரக்கவிப்பின் கீழே என்றால் முதுகும் அப்படியே. நேரில் பார்க்கும்போது நம் மூளை அதைத் திருத்திக்கொள்கிறது, காமிரா திருத்துவதில்லை. வெண்சமநிலையை (எந்த நிறத்தை வெள்ளையாகக் கொள்வது என்னும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் 5200 கெல்வினில் நிறுத்தி, எல்லாவற்றையும் ரா கோப்பாகவே, அதாவது காமிரா திருத்தாத மூலக் கோப்பாகவே, எடுத்தேன். துருவமுனைப்பு வடிகட்டி வைத்துத் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கலாம், ஆனால் அது ஒன்றரை, இரண்டு நிறுத்த ஒளியை விழுங்கிவிடும். தவிர, தாழ்ந்த கோணத்தில் மறுகரையின் பிம்பம் தண்ணீரில் விழுவதே படத்துக்கு உயிர். வடிகட்டியைப் பையிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டு மணியளவில் எதிர்பார்த்தபடி மேகம் திரண்டது. மேகத்துக்குச் சற்று முன்பு, சூரியன் கூழைக்கடாவுக்குப் பின்னால் இருந்த வேளையில் கிடைத்த படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அலகை உயர்த்திக் கொட்டாவி விடுவதுபோல் பையை விரித்தபோது, பின்னாலிருந்து வந்த வெயில் அந்தத் தோலை ஊடுருவியது. பழுத்த இலையின் நிறத்தில், கிளைகிளையாகப் பிரியும் இரத்தக்குழாய்கள் அனைத்தும் துல்லியமாகத் தெரிந்தன. முன்புற ஒளியில் அதே பை வெறும் அழுக்கு மஞ்சள் தோல்தான். எனவே கூழைக்கடாவைப் பொறுத்தவரை, ‘சூரியனை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்’ என்ற பழைய பாடத்தை மறந்துவிடலாம்.

குளத்தருகே நின்ற ஊழியர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பேசினார், பாறசாலைக்காரராம். “சாரே, இப்ப அதுக உறங்கும் நேரம். மீன் கொண்டு வரும்போ நில்லுங்கோ, எல்லாம் கரைக்கு வரும். நம்ம பறவை மட்டுமல்ல, வெளியே உள்ளதும் வரும்” என்றார். அவர் சொன்ன ‘வெளியே உள்ளது’ மேலே மூங்கில் புதரிலும் மரக்கிளைகளிலும் பகல் முழுவதும் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த வக்காக்கள். இவற்றை யாரும் கூண்டில் வைத்து வளர்க்கவில்லை. குளமும் மரமும் பாதுகாப்பும் இருப்பதால் தாமாக வந்து தங்கியவை. மீன் வாளியின் ஓசை கேட்டதும் ஒவ்வொன்றாக இறங்கி, நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் பின்னே, சிதறும் மீனுக்காக ஒற்றைக்காலில் காத்து நின்றன. காட்டில் ஐம்பது மீட்டருக்குள் நெருங்கவிடாத பறவை, இங்கே ஏழு மீட்டரில், மனிதரைப் பொருட்படுத்தாமல் நிற்கிறது. அந்த நாளின் உண்மையான வரவு என்று நான் கருதுவது இவற்றைத்தான்.

மேகமூட்டத்தில் வக்காவுக்கு ஐஎஸ்ஓ 1600, 1/320 போதுமானதாக இருந்தது. நின்று காத்திருக்கும் பறவை என்பதால் வேகம் பெரிதாக வேண்டியதில்லை. முதிர்ந்த பறவையின் கண் குருதிச் சிவப்பு, உச்சந்தலையும் முதுகும் கறுப்பு, பிடரியிலிருந்து நூல்போல் நீளும் வெள்ளை இறகுகள். அவை சாம்பல் சிறகின்மேல் படிந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. பறவை தலையைத் திருப்பி, அவை கறுப்பு முதுகின் குறுக்கே விழும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். இளம்பறவை முற்றிலும் வேறு: பழுப்பு உடம்பில் வெள்ளைத் தீற்றல்கள், மஞ்சளோடிய ஆரஞ்சுக் கண். புதியவர்கள் இதைக் குளத்துக்கொக்கு என்று எண்ணிவிடுவதுண்டு. தடித்த அலகையும் கூனலையும் பார்த்தால் ஐயம் தீரும். முதிர்ந்ததும் இளையதும் ஒரே சட்டத்தில் நின்ற படம் ஒன்று கிடைத்தது, இனங்காணும் பயிற்சிக்கு அது ஆயிரம் சொல்லுக்குச் சமம். வக்காக்கள் தங்கும் மரத்தின் கீழே நிற்கும்போது குடையின் இரண்டாவது பயனும் விளங்கிற்று. விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை.

பாம்புத்தாரா ஒன்று பட்டுப்போன கிளையில் சிறகு விரித்து வெயில் காய்ந்தது. அதன் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் முங்குவது எளிதாகிறது, கரையேறியபின் காயவைப்பது கட்டாயமாகிறது. நேர் முன்னிருந்து எடுத்தால் கறுப்புத் துணியாக மட்டுமே தெரியும். பக்கவாட்டில் வந்து, தோளிலுள்ள வெள்ளிக் கோடுகள்மேல் ஒளி சாய்ந்து விழும் கோணத்தில்தான் அந்த இறகின் வேலைப்பாடு வெளிப்படுகிறது. கிளிகள், மயில்கள் பக்கம் நான் அதிகம் நிற்கவில்லை. தீக்கோழி மட்டும் தானே வேலியோரம் வந்து எட்டிப்பார்த்தது. லென்ஸ் 85 சென்டிமீட்டர்வரை ஃபோகஸ் செய்யும் என்பதால், அதன் கண்ணும் நீண்ட இமைமயிரும் மட்டும் சட்டத்தை நிரப்பும் படத்தைச் சிரமமின்றி எடுக்க முடிந்தது. நிலத்தில் வாழும் முதுகெலும்புள்ள உயிர்களில் மிகப்பெரிய கண் அதனுடையது. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் விட்டம். அருகே கொண்டுவந்தால் அந்தக் கண்ணில் நாம், வேலி, குடை எல்லாம் பிரதிபலிப்பதைக் காணலாம்.

வீட்டில் கணினி வேலைக்கு டார்க்டேபிள் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். வலை வழியாக எடுத்த படங்களில் எஞ்சியிருந்த வெளிறலை, புகைநீக்கும் கருவியைக் கொஞ்சமாகவும், கறுப்பு அளவைக் கொஞ்சமாகவும் கூட்டிச் சரிசெய்தேன். ஒன்றையே முழுக்கக் கூட்டினால் நிறம் பொய்யாகிவிடுகிறது. வெள்ளைப் பறவைகளின் அடிவயிற்றுப் பச்சையை முழுப் படத்துக்கும் சேர்த்துக் குறைத்தால் தண்ணீர் ஊதாவாகிவிடும்; முகமூடி (திருத்தம் படவேண்டிய பகுதியின் எல்லை) வரைந்து, பறவைமேல் மட்டும் பச்சையைத் தணிக்க வேண்டும். கொஞ்சம் பச்சை மிஞ்சியிருப்பதே இயல்பு, அது அந்தக் குளத்தின் ஒளி.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது இரண்டு அடைவுகளாகப் பிரித்தேன். சங்குவளை நாரை, கூழைக்கடா, தீக்கோழி முதலியன ‘மிருகசாலை’ என்ற அடைவில். வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, தாமாக வந்த கொக்குகள் ஆகியவை ‘காட்டுப்பறவை, திருவனந்தபுரம்’ என்ற அடைவில். உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் வளர்க்கப்படும் உயிர் என்று குறிக்கத் தனிக் கட்டம் இருக்கிறது, முதல் அடைவுப் படங்களை ஏற்றினால் அதைக் குறித்துவிட வேண்டும். பறவைப் பட்டியல்களுக்கான இபேர்டு தளத்தில் கூண்டுப் பறவைகளைப் பட்டியலிடுவதே இல்லை, ஆனால் மிருகசாலைக்குள் சுதந்திரமாகத் திரியும் வக்காவை அங்கே தாராளமாகப் பதியலாம். சீழ்க்கைச் சிறகிகளில் எவை வளர்ப்பு, எவை வந்திறங்கியவை என்று பிரித்தறிய முடியாததால், அவற்றை முதல் அடைவிலேயே வைத்திருக்கிறேன்.